ஏழாயிரத்து இருநூறு லிட்டர்

சாயப்பட்டறையில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயத்துக்கு மருந்து அளந்து கொடுப்பது அவள் வேலை. அங்கேயே அவளுடைய அண்ணன் ஃபோர்மேன். எடுத்ததற்கெல்லாம் கை நீட்டுகிற ஆள். சின்ன வயதில் அவளுடைய முன்பல்லை உடைத்தவன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கை அண்ணி பக்கம் திரும்பியது.

அன்று வெந்நீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். உப்புத்தண்ணீர் காய்ந்து காய்ந்து உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்புக்கல் மாதிரி பொருக்கு ஏறியிருந்தது. ஆசிட் ஊற்றினால் கரையும். கரையும்போது சோடா பொங்குகிற மாதிரி வாயு, நெடியடிக்கிற ஆசிட் புகையோடு கிளம்பும். அது வெளியேற மேலே ஒரு குழாய் உண்டு; அதை மூடித் திறக்கிற வால்வு கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

கணக்குப் போட்டது அவள்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்கைப் பெயர்த்து எடை போட்டு, சுவரின் பரப்பளவுக்குப் பெருக்கிப் பார்த்தாள். முப்பது கிலோ வந்தது. நூறு கிராம் கரைந்தால் இருபத்து நாலு லிட்டர் வாயு. அப்படியானால் மொத்தம் ஏழாயிரத்து இருநூறு லிட்டர்.

பத்தரை மணிக்கு ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தாள். குழாய் வாயில் புகையே இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

"அண்ணே, குழாய யாரு மூடுனது?"

"நான்தான். ஆபீஸ்ல நாத்தம் தாங்கல, மூடுன்னு முதலாளி கத்துறாரு."

"ஆசிட்?"

"மொத்தமும் ஊத்தியாச்சு."

"ஐயோ! உள்ள காலியா இருக்கறது அறுநூறு லிட்டர் இடம். வரப்போறது அதுபோலப் பன்னெண்டு மடங்கு. தொட்டி மூணு மடங்குக்கு மேல தாங்காது. வால்வத் தொற!"

"இருபது வருஷமா இந்தத் தொட்டியோட மாரடிக்கிறேன். பேப்பர்ல கிறுக்கிட்டு வந்து எனக்கே சொல்றியா? போடி அந்தாண்ட!"

தொட்டியின் அழுத்தம் காட்டுகிற மீட்டரில் முள் மூன்றைத் தாண்டிவிட்டது. அவள் வால்வில் கை வைத்தாள். அவன் அவளைத் தலைமுடியோடு பிடித்து இழுத்து இரும்புத் தூணில் மோதினான். அடுத்து அவள் வாய்மேல் ஓர் அறை விழுந்தது. மெஷின் பழுது பார்க்கிற பிட்டர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றும் அசையவில்லை. அண்ணன் தங்கச்சி சண்டைக்குள் யார் போவது?

வாயெல்லாம் ரத்தம். கீழே நீளமான ஸ்பேனர் ஒன்று கிடந்தது. எடுத்தாள். வால்வை மறைத்துக்கொண்டிருந்த அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அலறிக்கொண்டே அவன் மறு கையை ஓங்கினான். முழங்காலில் இன்னொன்று போட்டாள். சுருண்டு விழுந்தான்.

ஓரமாக நின்றே கையை நீட்டி வால்வை இரண்டு சுற்றுதான் சுற்றியிருப்பாள். அதற்குள் தொட்டியின் பக்கவாட்டு மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. சற்று முன் அவன் நின்றிருந்த இடத்தில், நெஞ்சு உயரத்தில் போய், தகரச் சுவரைக் கிழித்து, வெளியே லாரியின் கதவை நசுக்கிக்கொண்டு விழுந்தது. சிதறிய ஆசிட் அவளுடைய கழுத்திலும் இடது கையிலும் பட்டுத் தோலைப் பொசுக்கியது. பிட்டர்கள் அப்போதுதான் உயிர் வந்தவர்களாக இரண்டு பேரையும் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவன் போலீஸிடம் சொன்னான்: "என்னைக் கொல்லப் பாத்தா சார்."

அவளிடமும் கேட்டார்கள். "ஆமா, அடிச்சேன்" என்றாள். "அடிக்கலன்னா அவன் நின்னுக்கிட்டுதான் இருந்திருப்பான். மூடி எந்த உயரத்துல போச்சுன்னு சுவத்தப் பாருங்க."

பார்த்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. முதலாளி இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பினார். குழாயை மூடச் சொன்னவரே அவர்தான்; அதைக் கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணி அவள் வீட்டுக்கு வந்தாள், இரண்டு பிள்ளைகளும் ஒரு பையுமாக. இவள் கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கணக்கெல்லாம் எனக்கு விளங்காது" என்றாள். "ஆனா அடிக்கறதுதான் அடிச்ச, ஒரு பத்து வருஷம் முன்னாடியே அடிச்சிருக்கக் கூடாதா?"

சிரித்தால் கழுத்துப் புண் இழுக்கும். இருந்தும் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து, பிள்ளைகளுக்குப் பாய் விரித்தாள்.