நின்றால் மட்டும் வரும் நோய்

முன்னறையில் சலூன் நாற்காலி கிரீச்சென்று கத்தியது. யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சலூன்காரர் பின்னறைத் தரையில் மல்லாந்து, இரண்டு கால்களையும் சுவரில் உயர்த்திச் சாய்த்துக் கிடந்தார். ஒருவருக்கு முடி வெட்டி அனுப்பிய பிறகு பத்து நிமிடம் இப்படிப் படுத்தால்தான் அடுத்தவருக்குக் கத்தி பிடிக்க முடியும். "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார். கால்களை இறக்கினார், உட்கார்ந்தார், இருபது எண்ணினார், அப்புறம்தான் எழுந்தார். எண்ணாமல் எழுந்த ஒருநாளின் தழும்பு புருவத்தில் இன்னும் இருக்கிறது.

திரையை விலக்கியதும் திகைத்துப் போனார். நாற்காலியில் இருந்தது அவர் மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர். ஏழு மாதத்துக்கு முன்னால் இதே வாசலிலிருந்து தங்கையைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர்.

"வாங்க மச்சான்."

"ஷேவிங் பண்ணு மாப்ள. உன் கை எப்படி இருக்குன்னு நானே பார்த்துக்கறேன். பார்த்துட்டு அவளை அனுப்புறதா வேண்டாமான்னு சொல்றேன்."

இரண்டு வருடமாக இந்தத் தொல்லை. நின்றால் நெஞ்சு படபடக்கும், கண் இருளும், முழங்கால் துவளும். மூன்று மருத்துவமனை ஏறி இறங்கினார். எல்லோரும் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தே சோதித்தார்கள். படுத்தால் அவருக்கு ஒரு நோயும் இல்லை! "எல்லாம் நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவைத்தார்கள். தெரு வேறு முடிவுக்கு வந்தது. காலை பத்து மணிக்குத் தடுமாறுகிற மனிதனைப் பற்றி வேறென்ன நினைக்கும்? 'தள்ளாட்டம்' என்று பட்டப்பெயர் வைத்தது. மனைவி தினமும் வாயை மோந்து பார்த்தாள். வாடையில்லை என்றதும், வாடை வராத சரக்கு எது என்று யோசிக்கத் தொடங்கினாள். பாவம், அவளும் எத்தனை நாள்தான் நம்புவாள்?

அவள் போன பிறகுதான் ஒரு டாக்டர் அவரைச் சுவரோரம் பத்து நிமிடம் நிற்கவைத்து நாடி பார்த்தார். படுத்திருந்தபோது எழுபத்துநாலு; நின்றபோது நூற்றுமுப்பத்திரண்டு. நாம் சொல்லாமலே இதயத்தையும் ரத்தத்தையும் நடத்துகிற நரம்புகள் தடுமாறுகின்றன என்றார். உப்பும் தண்ணீரும் நிறைய, காலுக்கு இறுக்கமான உறை, முடிந்தவரை உட்கார்ந்து வேலை. அன்று மாலையே மனைவிக்குச் சந்தோஷமாகப் போன் செய்தார். எடுத்தது மச்சான். "புதுக்கதையா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

உட்கார்ந்து வேலை செய்ய உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கியிருந்தார். இன்று அதைத் தொடவில்லை. மச்சானுக்கு முன்னால் ஆண்பிள்ளையாக நிற்க வேண்டும் என்ற வீம்பு!

வலது கன்னம் பட்டுப்போல் முடிந்தது. இடது பக்கம் போனபோது காதுக்குள் இரைச்சல் கேட்டது. கண்ணாடியின் ஓரங்கள் கறுத்தன. இன்னும் நாலே நாலு இழுப்பு. இழுத்துவிட்டால் அவள் வந்துவிடுவாள். கத்திக்குக் கீழே மச்சானின் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

கத்தியை எடுத்தார். மடக்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தியா! காலையிலயே ஏத்திட்டு வந்துதான் என் கழுத்துல கத்தி வெச்சியா?" பாதி முகம் நுரையோடு மச்சான் எழுந்தார்.

"வாயை மோந்து பாருங்க. கையையும் பிடிச்சுப் பாருங்க மச்சான்."

குனிந்து மோந்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்தார். நுரைக்கு மேலே கண்கள் விரிந்தன. "என்னய்யா இது, பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி!"

"இப்ப படுக்கறேன். விடாம பிடிங்க."

சிமெண்டுத் தரையில் ஒருவர் படுத்திருக்க, ஒருவர் குந்தியிருக்க, சில நிமிடங்கள் போயின. நாடி மெல்ல மெல்ல இறங்கியது. மச்சானின் கோபமும்.

"பாதி மூஞ்சியோட பஸ் ஓட்டினா ஜனங்க இறங்கி ஓடிடும். முடிச்சு விடு" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாற்காலியைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே முடித்தார். கை கொஞ்சம்கூட ஆடவில்லை.

"நல்ல கை மாப்ள." மச்சான் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு ஏனோ கண்ணாடியைப் பார்க்கவில்லை. "மருந்து சாப்பிட்டா போயிடுமா?"

"குறையும். போகுமான்னு டாக்டருக்கே தெரியல."

"அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வரச் சொன்னா. குடின்னா வந்து திருத்திக்கறேன், நோய்ன்னா என்னால முடியாதுன்னுட்டா. எங்கப்பாவைப் பதினோரு வருஷம் படுக்கையில வெச்சுப் பார்த்தவ மாப்ள. அவளைத் திட்டாத."

திட்டவில்லை. துண்டை உதறி, மடித்து, மறுபடி உதறினார். குடிகாரன் என்று நினைத்த நாட்களில் திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இருந்திருக்கிறது! இப்போதல்லவா நோய் என்று நம்பிவிட்டார்கள்.

வாசலில் மச்சான் நின்றார். குரலைத் தாழ்த்தினார். "குடின்னே போய்ச் சொல்லிடட்டுமா? வந்து சேரட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சமையலறையில் சத்தம் கேட்கும், இரண்டு தட்டு கழுவ வேண்டியிருக்கும்.

"வேண்டாம் மச்சான். குடியை நிறுத்துன்னு அழுவா. எதை நிறுத்துவேன்?"

மச்சான் திரும்பி வந்து, ஸ்டூலில் இருந்தவரின் தோளை ஒருமுறை அழுத்தினார். வெளியே போய், உள்ளே இருப்பவரை எழவைக்க வேண்டாமென்று கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.