பெண்களுக்கு ஒரு அவசரம்

வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதிகளில் எம்.பி.ஏ. படித்தேன். எங்கள் குழுவில் மூன்று பேர். ஆஸ்பத்திரியில் விபத்துக் கேஸ்கள் வந்து இறங்கும் காஷுவாலிட்டியில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர், கிழக்கேகோட்டையில் துணிக்கடை விற்பனையைக் கவனித்துவந்த நான். அவர்கள் இருவரும் மலையாளிகள். தமிழ் என் வீட்டு மொழி என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இன்றும் உண்டு.

போனக்காட்டுக்கு வரும் பயணிகளுக்குத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. இதுதான் எங்கள் புராஜெக்ட். யோசனை என்னுடையது. அங்குள்ள பெண்கள் சம்மதிக்காவிட்டால் திட்டத்தையே ஏற்க மாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவர்களும் தமிழர்கள்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டினேன். அறிவிப்பையும் நானே எழுதி, அங்கே தெரிந்த ஓர் அக்காவின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். 'பெண்களுக்கு ஒரு அவசரம். ஞாயிறு காலை எல்லாரும் வரவும்.'

ஜீப்பை விட்டு இறங்கினால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஊரே நிற்கிறது. ஆண்களும் இருந்தார்கள். ஆளைத் தூக்கிப்போக இரண்டு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலையே கொண்டுவந்திருந்தார்கள்.

"யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று அந்த அக்கா என் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளம் என் தமிழுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நல்ல வாய்ப்பு என்று எழுதியதாக நினைத்து, ஆபத்து என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

ஏஜெண்ட் லேப்டாப்பைத் திறந்தார். நான் என் நோட்டீசை விளக்க ஆரம்பித்தேன். நர்ஸ் என் தோளை அழுத்தினாள்.

"ஆதியம் அது பறயெடி, ஆர்க்கும் ஒண்ணும் இல்லன்னு." முதலில் அதைச் சொல் என்கிறாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை!" என்றேன் உரக்க. கூட்டம் மூச்சு விட்டது. காஷுவாலிட்டி வாசலில் நிற்பவர்களின் காதில் அதற்கு முன் வேறெதுவும் ஏறாது என்று நர்ஸ் பிற்பாடு சொன்னாள். அதன் பிறகு என் மலையாள அவசரத்தை விளக்கினேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டில் கொண்டுவந்தவர்கள் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

திட்டத்தைச் சொல்லி முடித்து, "சம்மதமாக்கா?" என்று கேட்டேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடையில் யாராவது தயங்கினால் அடுத்த சேலையை விரித்துவிடுவது என் பழக்கம். வாயைத் திறக்கப் போனேன்.

ஏஜெண்ட் என் பக்கம் குனிந்து, "கேட்டாச்சில்லே? இனி மிண்டாதே" என்றார். கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பதுதான் அவர் தொழிலில் பாதி. நானும் நின்றேன். இன்று என் கடைப் பெண்களுக்கு இந்த இரண்டு பேரின் பாடத்தையும்தான் சொல்லித்தருகிறேன். பரீட்சைக்குப் படித்தது எதுவும் நினைவில் இல்லை.

பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"சோறு நாங்க பொங்குதோம். ஆளுகள நீங்க கூட்டிட்டு வாங்க. நோட்டீசு மட்டும் இனிமே நாங்க எழுதுதோம்."