என் கதையில் பத்து வரி அதிகம்

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்த மறு வருஷம், விழுப்புரத்திலிருந்து வெளிவந்த ஒரு சின்ன மாதப் பத்திரிகைக்குக் கதை எழுதிப் போட்டிருந்தேன். கிணற்றடியில் ஒரு வாளிக்காக இரண்டு பெண்கள் சண்டை போடும் கதை. என் முதல் கதை. எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு நாள் காலை, வியர்த்து விறுவிறுத்து ஒருவர் வாசலில் வந்து நின்றார். அந்தப் பத்திரிகையில் கதைகளைத் திருத்தும் துணையாசிரியராம். கையில் என் கதையின் அச்சுப்படி. ஒதுக்கிய பக்கங்களுக்கு மேல் பத்து வரி நீள்கிறது என்றார். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"எது வேணும்னாலும் வெட்டிக்குங்க சார், கதை வந்தா போதும்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. சொன்னதையே ரெண்டு பேரும் திரும்பத் திரும்பச் சொல்றாங்களே, அதுல எடுத்துடலாம்னுதான் உக்காந்தேன். கை வரல. நீங்களே ஒரு தபா படிங்க, கேட்டுக்கினே பாக்கறேன்."

முன்பின் தெரியாத மனிதர் எதிரில், மாமியார் காதில் விழும்படி, இரண்டு சண்டைக்காரிகளின் குரலிலும் படித்தேன். முதலில் ஒரே கூச்சம். போகப்போக எனக்கே ஆவேசம் வந்துவிட்டது. எழுத்தாவது கிழுத்தாவது என்று எப்போதும் முணுமுணுக்கும் மாமியார், மல்லாட்டைக் கடலை வறுத்த கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "அய்ய, இன்னாடி இது! நெஜமாவே அடிச்சிக்குவாளுங்க போல இருக்குதே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

வந்தவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "இதுல எத எடுத்தாலும் சண்டை ஓஞ்சிடும்மா. நான் பாத்துக்கறேன்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. இதழ் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தது. கதை முழுசாக இருந்தது. என் எழுத்துப்பிழைகளை மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்திருந்தார். மிஞ்சிய பத்து வரி அடுத்த பக்கத்தில் ஏறியிருந்தது. அதன் கீழே பிரம்மதேசம் கோயிலைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை. படித்துக்கொண்டே வந்தால் சட்டென்று முடிந்துபோனது. அடியில் பொடி எழுத்தில், 'இடமின்மையால் சுருக்கப்பட்டது.' எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிற்பாடு நானும் எத்தனையோ பேருடைய கதைகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு வரியை அடிக்கப் போகும்போதெல்லாம், யாரோ ஒருத்தியின் கிணற்றடிச் சண்டைக்காகத் தன் கோயிலைக் குறைத்துக்கொண்ட அந்த மனிதர் நினைவுக்கு வந்து கை ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் பிழைத்த வரிகள் ஏராளம்.