மூடாமல் விட்ட தடித்த எழுத்து

என் மகளுக்கு மூன்று வயதில் காது மெஷின் வாங்கினோம். நாள் முழுக்கப் போட்டிருந்தால்தான் பேச்சு வரும் என்றார் டாக்டர். அவளோ மாட்டிவிட்ட கையோடு பிடுங்கி எறிவாள். யோசனை கேட்க அக்கம்பக்கத்தில் யாருமில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் தமிழில் எழுதும் ஒரு தளத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மறுநாள் பார்த்தால், பத்தி பத்தியாக நான் அடித்தது ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. ஒரே ஒரு பதில்: "படிக்க முடியலங்க, கண்ணு வலிக்குது."

அவர்களைப் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். சென்டர் நடத்திய பெண்ணுக்கும் வழி தெரியவில்லை. வரி வரியாக அழகாகப் பிரிந்திருந்த இன்னொருவர் பதிவைத் திறந்து, 'வியூ சோர்ஸ்' போட்டு, பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குறிகளைப் பார்த்தேன். வரி முறிகிற இடமெல்லாம் கோண அடைப்புக்குறிக்குள் br. தடித்த எழுத்துக்கு முன்னால் b, முடிகிற இடத்தில் சாய்கோட்டோடு இன்னொரு b. அதேபோல முழுவதையும் மறுபடி அடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னும் எவ்ளோ நேரம்க்கா? வெளிய ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

"இத முடிக்காம எழுந்துக்க மாட்டேன்மா."

இம்முறை வரிகள் பிரிந்தன. ஆனால் கேள்வியைத் தடிப்பாக்கிய நான், மூடும் குறியைப் போட மறந்திருந்தேன். எனக்குக் கீழே பதில் எழுதியவர்களின் எழுத்தெல்லாம் தடித்துப்போனது. "யாருங்க அது, எங்க எல்லாரையும் கத்த வச்சது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தடித்த எழுத்தில் எழுதினால் அங்கே கத்துவதாக அர்த்தமாம். முகம் சுட்டது. ஓடிவிடவில்லை. மூடும் குறியை முதலில் போட்டு, 'மன்னியுங்கள்' என்று ஒரு பதில் அனுப்பினேன். அதிலிருந்து எழுத்து பழையபடி மெலிந்தது.

அதன் கீழேதான் கோயம்புத்தூர்த் தாய் ஒருத்தி எழுதினாள்: "மெஷினைப் பிடுங்க முடியாதபடி, காதை மூடுற மாதிரி துணிக்குல்லா தைச்சுப் போடுங்க. முதல்ல அவளுக்குப் பிடிச்ச விளையாட்டு நேரத்துல மட்டும் மாட்டுங்க, அப்புறம் நேரத்தைக் கூட்டிக்கலாம். அழுதாலும் நடுவுல கழட்டாதீங்க."

அன்று மாலையே தைத்தேன். முதல் வாரம் முழுக்க அழுகைதான். நானும் அழுதேன், கழற்றவில்லை. பிறகொரு நாள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டில் தறி ஓடத் தொடங்கியதும் சட்டென்று நிமிர்ந்தாள். சுவரைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டாள். தூக்கிக்கொண்டு போய்த் தறியைக் காட்டினேன்.