பின்சக்கரத் தேய்மானம்

ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் சக்கரத்தைக் கழற்றுவது ராமபத்ரனின் வேலை. கழற்றிய நட்டுகளை ஒரு பழைய பித்தளைப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு, எங்கும் நகராமல் பக்கத்தில் நிற்பது கமலாக்ஷியின் வேலை. தரையில் வைத்தால் என்ன என்று கார் வந்த புதிதில் ஒருமுறை கேட்டாள். காக்கை கொண்டுபோகும் என்றார். காக்கைக்கு இரும்பு நட்டு எதற்கு என்று கேட்டதற்கு, காக்கையின் பேரைச் சொல்லிக்கொண்டு வேறு யாராவது கொண்டுபோவார்கள் என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ராமபத்ரனுக்குத் தேயிலைக் கம்பெனியில் பெட்டி பார்க்கிற உத்தியோகம். மலையிலிருந்து இறங்கிவரும் பெட்டிகளில் உள்தகடு பிரிக்கப்பட்டிருக்கிறதா, ஆணி பிடுங்கி மறுபடி அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகப்படுவதற்குக் கம்பெனி சம்பளம் கொடுத்தது. அவர் அந்தச் சந்தேகத்தைச் சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு வருகிற ஆள் இல்லை. பால்காரியின் கிண்டி, வண்ணானின் மூட்டை, கோயில் பிரசாதத்தில் நெய் என்று எல்லாவற்றையும் பெட்டி பார்ப்பது போலவே பார்த்தார். ஆள் கெட்டவர் இல்லை. மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம் பண்ணிக் கொடுத்தபோது மாப்பிள்ளையைப் பற்றி மூன்று ஊரில் விசாரித்தவர், ரயில் நகர்ந்ததும் பிளாட்பாரத் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுததைக் கமலாக்ஷி பார்த்திருக்கிறாள்.

கம்பெனி வெலிங்டன் தீவுக்கு மாறியபோது மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இருந்த பழைய கிடங்கைப் பூட்டி, வளவுக்குள் இருந்த ஓட்டுவீட்டை அவருக்கே விட்டார்கள். பூட்டிய கிடங்குக்கு இவரை விட்டால் காவல் யார்? நீண்ட வளவு. ஒரு கோடியில் ரோட்டைப் பார்த்த இரும்புக் கேட், மறுகோடியில் காயலைப் பார்த்த படகுத்துறை. இரண்டுக்கும் நடுவே மணல், இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் மதில். சீமைக்குத் திரும்பிப் போன மானேஜர் தன் மாரிஸ் மைனர் காரை இவருக்கே சகாய விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் குறைத்துக் கொடுத்தார் என்பதை ராமபத்ரன் இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தினமும் ஆபீசுக்குப் போவது துறையிலிருந்து படகில். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற நாட்களில் தார்ப்பாய் போர்த்தி, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைப்பார். யாராவது தள்ளிக்கொண்டுபோய்க் காயலில் இறக்கிவிடுவார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். இழுத்து இழுத்து அந்த லீவரின் பல் ஒன்று வளைந்தே போயிற்று. அதை விடுவிக்கும்போது உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். சாவியைப் பூணூலில் முடிந்திருப்பார். பட்டறைக்குக் கார் போனதே கிடையாது. பட்டறைக்காரன் நல்லதைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டுவான் என்பது அவருடைய முடிவு.

அந்த ஞாயிறு பிரேக் லைனிங் மாற்றுகிற நாள். கர்க்கடக மாச மழை ஓய்ந்து சிங்கமாசம் பிறந்திருந்தது. எர்ணாகுளத்திலிருந்து புது லைனிங்கும் செம்பு ரிவிட்டும் வாங்கி வந்து, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஆணியால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருந்தார். கிடங்கில் கிடந்த பழைய எடைக்கல்தான் ரிவிட் அடிக்கிற பட்டடை.

முன்சக்கரங்களை முதலில் திறந்தார். லைனிங் கனமாகவே இருந்தது. மாற்றவே வேண்டாம். அவர் முகம் மலரவில்லை. எதிர்பார்த்ததைவிடச் சரக்கு நன்றாக இருந்தால் அதையும் அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வார். பிறகு பின்சக்கரம். மரச்சுத்தியால் தட்டித் தட்டி டிரம்மை எடுத்ததும் கரித்தூள் கொட்டியது. லைனிங் தேய்ந்து ரிவிட் தலையெல்லாம் வெளியே தெரிந்தது. அது உரசி டிரம்மின் உட்பக்கம் வரிவரியாகக் கீறியிருந்தது. மறுபக்கத்துப் பின்சக்கரமும் அதே மாதிரி.

ராமபத்ரன் லைனிங் பதித்த பிரேக் ஷூவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தீய்ந்த வாசனை. ஒரு பிடி தேயிலையை முகர்ந்து எந்த மழையில் நனைந்தது என்று சொல்கிறவர் இல்லையா, இதற்கும் அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. காரில் முதலில் தேய்வது முன்சக்கரத்து லைனிங்தான், அது முழுசாக இருந்து பின்னது மட்டும் எரிந்திருந்தால் ஹேண்ட்பிரேக்தான் காரணம், அது பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆரோ இந்த வண்டியை ஹேண்ட்பிரேக்கோட ஓட்டியிருக்கா, கமலா."

பாத்திரத்தில் நட்டுகள் லேசாக ஒரு சத்தம் போட்டன. அவள் பாத்திரத்தை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டியது அவள்தான்.

போன மகரமாசம் ஆரம்பித்தது அது. அவளுடைய கடைசித் தம்பி வாஞ்சிநாதன் பாலக்காட்டில் கொஞ்ச நாள் லாரி ஓட்டிவிட்டு, செர்ளாயியில் ஓர் அச்சாபீசில் வேலை பழக இங்கே வந்து தங்கியிருந்தான். லீவு நாளொன்றில், அலமாரிச் சாவியைப் போட்டுத் திருகினாலும் அத்திம்பேரின் கார் கிளம்பும் என்று கண்டுபிடித்துச் சொன்னான். விளையாட்டாகத்தான் அவளை உட்கார்த்தி வைத்தான். ஓடிய மைல் கணக்கு ஏறாமலிருக்க ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்றி மாட்டவும் அவனே காட்டிக்கொடுத்தான். நாலைந்து பாடத்துக்குப் பிறகு அவன் தேவைப்படவில்லை. கணவர் படகேறி, தம்பி அச்சாபீசுக்குப் போனதும் தார்ப்பாயை உருவிவிட்டுக் கேட்டிலிருந்து துறைவரை, துறையிலிருந்து கேட்வரை ஓட்டுவாள். கேட்டைத் தாண்டியதில்லை. முடிந்ததும் மணலில் டயர் தடம் தெரியாமல் பெருக்கிவிடுவாள். மத்தியானத்திலும் முற்றம் பெருக்குகிற மனைவியைப் பற்றி ராமபத்ரன் படகில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

அவள் திருப்பினால் அது திரும்பியது. நிற்கச் சொன்னால் நின்றது. நாற்பத்திரண்டு வயதில் கமலாக்ஷிக்கு அப்படி வேறெதுவும் வாய்த்ததில்லை. அதைப் பற்றி அவள் அதற்கு மேல் யோசித்ததும் இல்லை. லேசாகத் தீய்ந்த வாசனை வருவதை அவள் கவனித்திருந்தாள். பெட்ரோல் வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வாஞ்சியைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார் ராமபத்ரன். நீ ஓட்டினாயா என்று நேராகக் கேட்கவில்லை. இந்த வளவுக்குள் ஓட்டத் தெரிந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். அவன் ஒரு தடவை அக்காவைப் பார்த்தான். அவள் நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கொன்றும் தெரியாது அத்திம்பேர் என்றான் வாஞ்சி. அவன் பொய் சொன்னால் காது சிவக்கும், சின்ன வயசு முதலே. இப்போதும் சிவந்தது. ராமபத்ரனுக்கு அது போதும். நாளைக் காலை வண்டிக்கே கல்பாத்திக்குத் திரும்பிப் போகட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. விஜயதசமி கழிந்ததும் அச்சாபீசில் அவனுக்கு வேலை நிரந்தரமாகிற பேச்சு இருந்தது. ஊருக்குப் போனால் சமையல் கோஷ்டியோடு கல்யாணம் கல்யாணமாக அலைய வேண்டியதுதான், அண்ணாக்கள் இரண்டு பேரும் அலைகிற மாதிரி. வாஞ்சி எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினான். அந்தப் பேசாமைதான் கமலாக்ஷிக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு எழுந்த ராமபத்ரன் போகிறபோக்கில், ஜாக்கில் நிற்கிற காருக்கும் ஒரு தடவை ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனார்.

இலையில் மொளகூட்டல் விடும்போது அவள் சொன்னாள்.

"ஓட்டினது நானாக்கும்."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, நிமிராமல்:

"தம்பிக்காக நீ இதும் சொல்லுவே, இதுக்கு மேலயும் சொல்லுவே. ரிக்ஷாவில ஏறினா கண்ணை மூடிண்டு ராமா ராமாங்கறவ நீ."

அலமாரிச் சாவியைப் பற்றிச் சொன்னாள். அதை வாஞ்சி கண்டுபிடித்திருப்பான் என்றார். ஸ்பீடாமீட்டர் கேபிளைப் பற்றிச் சொன்னாள். லாரிக்காரன் புத்தி என்றார். பெட்ரோல் குறைந்தது தெரியாமல் பாட்டிலில் வாங்கி ஊற்றியதைச் சொன்னாள். யார் வாங்கி வந்தது என்று கேட்டார். வாஞ்சி என்றுதான் அதற்கும் பதில். அவள் சொன்ன ஒவ்வொன்றும் தம்பியின் தலையிலேயே போய் விழுந்தது. ஓட்டியே காட்டிவிடலாம் என்றால் கார் பின்சக்கரம் இல்லாமல் நின்றது. ரசத்துக்கு வரும்போது அவருக்கு வேறொரு சந்தேகம் வந்திருந்தது: இந்த அளவுக்கு இவள் தன் தலையைக் கொடுக்கிறாள் என்றால், காரை எடுத்துக்கொண்டுபோய் அவன் வெளியில் வேறென்ன பண்ணியிருக்கிறான்? மோர் விட்டுக்கொண்டதும் எழுந்துவிட்டார்.

பிற்பகலில் புது லைனிங் ரிவிட் அடித்தாயிற்று. ஹேண்ட்பிரேக்கைத் தட்டி இறக்கி ஷூக்களையும் டிரம்முகளையும் ஏற்றியதும், பழக்கத்தில் மறுபடி இழுத்து வைத்தார். சிலிண்டர் ரப்பரையும் மாற்றியதில் பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். எப்போதும் வாஞ்சிதான் மிதிப்பான். இன்றைக்கு அவன் காரைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. கமலாவைக் கூப்பிட்டார். மிதி என்றால் மிதிக்கணும், விடு என்கிறவரை காலை எடுக்கக்கூடாது, வேறு எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கோணிப்பையை விரித்துப் பின்சக்கரத்தருகே படுத்து உள்ளே நகர்ந்தார்.

இத்தனை பேச்சுக்குப் பிறகு தன்னை இந்த ஸீட்டில் உட்காரச் சொல்வது வேறு ஆளில்லாமலா, அல்லது பெட்டியைத் தட்டிப் பார்ப்பது போலத் தன்னையும் தட்டிப் பார்க்கவா என்று கமலாக்ஷிக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததில் அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கதவைத் திறந்து உட்கார்ந்தாள். புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கு இடையில் ஒதுக்கினாள். இடது கை தானாகப் போய்க் கியர் கம்பியை இப்படியும் அப்படியும் அசைத்து, நியூட்ரலில் நிற்கிறதா என்று பார்த்தது. பிறகு ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. முதலில் கொஞ்சம் மேலே இழுத்து, முனைப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, இரண்டு கையாலும் கீழே இறக்கினாள். இறக்கிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

கீழே ராமபத்ரனின் தலைக்கு மேல் கேபிள் தளர்ந்தது. ஹேண்ட்பிரேக்கை எடுக்கச் சொல்ல அவர்தான் மறந்திருந்தார்.

"ஹேண்ட்பிரேக்கை ஆரு எடுத்தது?"

"நான்தான்."

கேபிளை அவர் விரலால் இழுத்துப் பார்ப்பது ஸீட்டுக்கு அடியில் தெரிந்தது.

"முழுசாப் போகல்லே. இன்னும் ஒரு பல்லு பிடிச்சிண்டிருக்கு."

"அது எனக்கு வராது," என்றாள் கமலாக்ஷி. "எப்பவும் வராது."

ஸ்பானர் மணலில் விழுந்தது. அவர் அதை உடனே எடுக்கவில்லை. மதிலுக்கு அப்பால் யாரோ சுக்கு மூட்டைகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை, இன்னொரு மூட்டை. பிறகு ராமபத்ரன் வெளியே நகர்ந்து வந்தார். எழுந்து, அவள் பக்கம் பார்க்காமல் ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து, லீவரை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது அடிவரை இறங்கியது. மறுபடி போய்ப் படுத்துக்கொண்டு, மிதி என்றார். மிதித்தாள். காற்றெல்லாம் போய்ப் பெடல் கல் மாதிரி ஆகிறவரை அவர் மிதி, விடு என்றார்; அவள் மிதித்தாள், விட்டாள். நட்டுகளைப் பாத்திரத்திலிருந்து அவரே எடுத்து முடுக்கினார்.

மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது, கூடத்தில் கயிறு போட்டுக் கட்டின டிரங்குப் பெட்டி சுவரோரமாக இருந்தது. வாஞ்சி அச்சாபீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தான். கமலாக்ஷி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ராமபத்ரன் குடித்தார். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பின்னாலேயே போய் வாஞ்சியைக் கூட்டிண்டு வந்துடறேன். அவன் ஒண்ணும் போக வேண்டாம்."

அவள் தலையசைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"எங்கெல்லாம் போனே?"

"கேட் வரைக்கும். திரும்பி துறை வரைக்கும்."

"பின்னே?"

"பின்னே மறுபடியும் கேட்."

"எதுக்கு?"

"வெறுதே. சும்மா."

பெட்டிக்குள்ளிருந்து ஒன்றும் எடுக்காமல் ஆணியை மட்டும் யாராவது மாற்றி அடிப்பார்களா? அவருடைய உத்தியோகத்தில் அப்படி ஒரு பெட்டி வந்ததில்லை. ராமபத்ரன் டம்ளரைக் கீழே வைத்தார். கோபமாக இருந்தால் அவளுக்குச் சமாளித்திருக்கத் தெரியும். அவர் கோபமாக இல்லை, கவனமாக இருந்தார். ஷூவை முகர்ந்து பார்த்த அதே முகம்.

"கேட் வரைக்கும் ஓட்டிண்டு போனவ, கேட்டைத் துறக்காமலே திரும்பி வந்தாளாக்கும்? இதை நான் நம்பணமா, கமலா?"

கமலாக்ஷி டம்ளரையும் டவராவையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.