போர்வையில் ஒரு துண்டு கூடுதல்

போன செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சிப்பொழுது. வாசலில் செல்லம்மா வந்து நின்றாள். ஒரு கையில் தீப்பெட்டி. இன்னொரு கையில் தொரட்டிக்குச்சி. குச்சியின் நுனியில், செத்த பாம்பைத் தூக்கி வருகிற மாதிரி, நான் தைத்துக் கொடுத்த போர்வை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கக்கா, இதுல ஒரு துண்டு கூட இருக்குதே... ஆருங்க வெச்சது?"

உள்ளே வரச் சொன்னேன்.

"நான் வரலீங்க. இத எடுத்துட்டு உங்க ஊட்டுக்குள்ள நொழைய மாட்டேன். நீங்க பதில் சொல்லுங்க. அப்பறம் நான் முச்சந்திக்குப் போறேன்."

முச்சந்திக்கு எதற்கு? கையில்தான் தீப்பெட்டி இருக்கிறதே!

நாலு பேர் சேர்ந்து வந்தாலே அடுக்களைக்குள் போய்விடுகிற ஆள் நான். ஆனால் நான் தைத்த துணியைக் கொளுத்தப் போகிறேன் என்று ஒருத்தி வந்து நின்றால்... செருப்பை மாட்டிக்கொண்டேன். "நட, உன் ஊட்டுக்கே போலாம்" என்றேன்.

அந்தப் போர்வை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பொழுது எதில் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். பழைய சேலை, நைட்டி, லுங்கி, தையல்கடையில் மிச்சமாகும் வெட்டுத்துணி... எல்லாவற்றையும் சதுரம் சதுரமாகக் கத்தரித்து, கலர் பார்த்துச் சேர்த்து, போர்வையாகத் தைப்பேன். எருமப்பட்டிப் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குக்கூட இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் செல்லம்மா கேட்டது வேறு.

செல்லம்மாவின் மருமகள் ரேவதி. தலைச்சன் பிள்ளை ஆண். ஒரு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சல் வந்தது, போய்விட்டான். அடுத்தது வயிற்றிலேயே தங்கவில்லை. மூன்றாவதாக இப்போது பெண். நிற்க வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஊருக்குள் போய்த் துணி பிச்சை எடுக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அல்ல. பெற்ற பிள்ளையைப் பறிகொடுக்காத வீடாகப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். உடுத்திப் பழசான துணியில் ஒரு துண்டு. கொடுக்கிறவர்கள் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஊருக்கே தெரியும், ஆனாலும் கேட்கக் கூடாது! அந்தத் துண்டுகளை ஒற்றைப்படையில் சேர்த்துத் தைத்துக் குழந்தையைப் படுக்க வைத்தால், 'இது பிச்சைக்காரப் பிள்ளை, நமக்கு எதற்கு' என்று எமன் திரும்பிப் போய்விடுவானாம். குழந்தைக்கு ரிஜிஸ்டரில் யாழினி என்று பெயர். வீட்டில் கூப்பிடுவது பிச்சாயி.

செல்லம்மா கொண்டுவந்து கொட்டிய துணிகளைப் பார்க்கணுமே! மயில் போட்ட நைட்டி, மாங்காய் போட்ட வாயில் சேலை, கிளிப்பச்சையில் சூரியகாந்தி, யாரோ ஒருவர் மனசு வந்து கிழித்துக் கொடுத்த, பழசாகியும் சாயம் போகாத லுங்கி. ஒருத்தர் கட்சித் துண்டைக் கொடுத்திருந்தார். அதை மட்டும் தள்ளி வைத்தேன். குழந்தை எந்தக் கட்சிக்குப் போகும் என்று நாம் ஏன் இப்போதே முடிவு செய்ய வேண்டும்?

வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைகிற இரண்டு வீட்டுத் துணியும் அதில் இருந்தது. வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தேன். மனிதர்கள்தான் ஒட்ட மாட்டேன் என்கிறார்கள். துணி ஒன்றும் சொல்லாது. அடிப்பக்கத்துக்கு என்னுடைய வெள்ளைக் காட்டன் சேலையில் ஒரே துண்டு. இரண்டு பக்கமும் சரிபார்த்து, கொத்தமல்லி நிறத்தில் ஓரம் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வெள்ளையில்தான் இப்போது ஏதோ ஒட்டியிருக்கிறது என்று செல்லம்மா சொல்கிறாள்.

போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"புள்ள நேரா மேல பாக்க மாட்டேங்குதுங்க. தலமாட்டுல எடது பக்கத்து மூலையவே பாக்குது. பாத்துச் சிரிக்குது. கிலுகிலுப்பைய ஆட்டுனாலுந் திரும்பறதில்ல."

"அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும். வெளிச்சத்தப் பாக்கும்டி."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். புள்ளைய அப்படியே வெச்சு, அடியில போர்வைய மட்டுந் தலமாடு காலமாடாத் திருப்பிப் போட்டேன். தலமாட்டு மூல காலடிக்கு வந்துருச்சு. புள்ளையுந் தலயத் தாழ்த்தி அங்கியே பாக்குதுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்பத்தான் மூலையத் தடவிப் பாத்தேன். அடியில ஒரு ஒட்டு. எண்ணிக்க ரெட்டப்படையாயிருச்சு பாத்தீங்களா! எதுத்தூட்டுக்காரி வேலைதானுங்க. கெணத்துப் பங்கு கெடைக்கலீன்னு என்ற பேத்தி மேல கைய வெச்சுட்டா. இதக் கொளுத்திப்போட்டு நேரா அவ வாசல்லதான் போயி நிக்கப்போறேன்."

எதிர்வீட்டுக்காரி வேறு யாருமில்லை, செல்லம்மாவின் ஓரகத்தி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. செய்வினை வைத்தாள் என்று ஒரு வார்த்தை வாசலில் விழுந்துவிட்டால், அப்புறம் எந்தத் தலைமுறையில் அள்ளுவது?

வீட்டில் ரேவதி மட்டும் இருந்தாள். புருஷன் போர்வெல் தோண்டுகிற ரிக் வண்டியில் மத்தியப்பிரதேசம் போய் இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை முகம் பார்த்ததோடு சரி, மற்றதெல்லாம் வீடியோ காலில்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். குச்சியில் தொங்கிய போர்வையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கட்டில்ல விரி. புள்ளையப் படுக்க வை. நானும் பாக்கறேன்" என்றேன்.

படுக்க வைத்தாள்.

கரண்ட் இல்லாத நேரம். ஃபேன் ஓடவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. தூரத்துக் கோழிப்பண்ணையில்கூடச் சத்தம் அடங்கியிருந்தது. அந்த மாதிரி உச்சிப்பொழுதை நீங்கள் பார்த்திருப்பீர்கள் — வெயிலே காதை அடைக்கும்.

பிச்சாயி கொஞ்ச நேரம் கையைக் காலை உதைத்தாள். அப்புறம் நிறுத்தினாள். தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது. அந்த மூலை. உதடு குவிந்தது. 'ங்கா' என்றாள். நிறுத்தினாள். எதிரில் யாரோ பதில் பேசுகிறார்கள், அதைக் கேட்டுக்கொள்கிறாள் என்பது போல. பிறகு மறுபடி 'ங்கா'.

குழந்தை என்றால் எதையாவது பார்த்துச் சிரிக்கத்தான் செய்யும். சாமி பூக்காட்டுகிறது என்போம். ஆனால் இது பேச்சு, ஐயா... முறை வைத்துப் பேசுகிற பேச்சு.

நானே கட்டிலின் இந்தப் பக்கம் வந்து, குழந்தையைத் தூக்கி, போர்வையைத் திருப்பிப் போட்டுப் படுக்க வைத்தேன். பிச்சாயி மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அப்புறம் மோவாய் நெஞ்சில் இடிக்க, காலடி மூலையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.



"பாத்தீங்களா... பாத்தீங்களா!" என்றாள் செல்லம்மா. அவள் குரலும் இறங்கிவிட்டது.

மூலையைப் புரட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி. மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன வாத்து. மல் துணி, பூ மாதிரி மெதுவாக இருந்தது. நான் தைத்ததில்லை. என்னிடம் அந்தத் துணியே கிடையாது. கைத்தையல், வெள்ளை நூல். ஓரத்தில் ஒரு நாடாவின் அடிக்கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குழந்தைச் சட்டையின் முதுகில் முடிச்சுப் போடுவோமே, அந்த நாடா.

குழந்தைச் சட்டை. பிச்சாயிக்கு உடம்பில் போட்டிருப்பதெல்லாம் புதுசு. அப்படியானால்...

நிமிர்ந்து பார்த்தேன். ரேவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியாருக்குத் தெரியாமல் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று.

செல்லம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனை அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறாள். விரலால்தான் ஒட்டைக் கண்டுபிடித்தாள். அது வாத்து என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்? செத்த பிள்ளையின் துணி, பிள்ளை தங்கட்டும் என்று பிச்சையெடுத்துச் சேர்த்த துணியில்! மருமகளை என்ன சொல்லியிருப்பாள்? குழந்தையை அவள் மடியிலிருந்தே பிடுங்கியிருப்பாள்.

"நாந்தாண்டி வெச்சேன்" என்றேன்.

"நீங்களாக்கா?"

"சேல பழசு. மூலையில நைஞ்சு கெடந்துது. ஒட்டுப் போட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

"அப்ப ரெட்டப்படை?"

"அடியில போடற ஒட்ட ஆராச்சும் கணக்குல சேப்பாங்களா? மேல இருக்கறதுதாண்டி போர்வ. வேட்டியில ஒட்டுப் போட்டா ரெண்டு வேட்டின்னா சொல்லுவ?"

செல்லம்மா யோசித்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தாள். "ஏனுங்கக்கா, இதத் தைக்கறப்பவே சொல்லித் தொலையறதுக்கென்ன! இந்நேரம் எதுத்தூட்டுக்காரி குடுமிய ஆஞ்சிருப்பேன்."

"இப்பவும் ஆயலாம். வேற காரணங் கெடைக்காமயா போகும்?"

"கெடைக்குமுங்க" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, எனக்கு மோர் கலக்க உள்ளே போனாள்.

ரேவதி குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சத்தமே வராமல் பேசினாள்.

"அவன் துணியெல்லாம் குழியில போட்டுட்டாங்க பெரியம்மா. இந்தச் சட்ட அன்னிக்குத் துவைச்சுக் கொடியில காஞ்சுட்டிருந்துச்சு. ஆரும் பாக்கல. நான் பாத்தனுங்க. எடுத்துத் தலகாணி ஒறைக்குள்ள வெச்சுட்டேன்."

"சரி சாமி."

"பாப்பாவ இதுல படுக்க வைக்கறப்பெல்லாம்... ஊருல இருக்கறவீங்க துணியெல்லாம் இருக்குது. அண்ணன் துணி மட்டும் இல்லியேன்னு..."

நான் அந்த மூலையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கிட்ட இருக்கற மாதிரி இருக்குமேன்னு தைச்சேன். மூணு பக்கந்தானுங்க தைச்சேன். ஒரு பக்கம் தொறந்து விட்டுட்டேன். பாலு குடுக்கறப்ப உள்ள வெரல விட்டுக்குவேன். இதா இங்க..."

காட்டுவதற்காக விரலை வைத்தாள். விரல் உள்ளே போகவில்லை. பக்கத்தில் வைத்தாள். அங்கும் போகவில்லை. நாலு பக்கமும் சுற்றி வந்தாள். மறுபடி ஒரு சுற்று. நகம் நுழைய இடம் இல்லை.

"நீங்க தைச்சீங்களா பெரியம்மா?"

என் ஊசி நூல் எல்லாம் வீட்டில் இருந்தது. நான் வந்ததிலிருந்து அவள் கண்முன்னால்தான் இருக்கிறேன். செல்லம்மாவால் ஊசியில் நூல் கோர்க்கவே முடியாது. புருஷன் மத்தியப்பிரதேசத்தில்.

ரேவதி பயப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை. அந்த மஞ்சள் துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள காத்து அடிச்சிருக்குமுங்க. குளுந்துருக்கும்" என்றாள். "சாத்திக்கிட்டான்."

செல்லம்மா மோரோடு வருகிற சத்தம் கேட்டது. போர்வையை வாங்கி மடிக்கிற சாக்கில் அந்த நாலாவது பக்கத்தை நான் ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.

மூன்று பக்கமும் ரேவதியின் தையல். கோணல்மாணல், ஒன்று நீளம் ஒன்று குட்டை. நாலாவது பக்கம் அப்படி இல்லை. எறும்பு வரிசை போலப் பொடி. பையின் வாயை மூடித் தைக்கிறவர்களுக்குத் தெரியும் — கடைசி முடிச்சை வெளியில்தான் போட முடியும். வெளியில் தேடினேன். இல்லை. துணிக்கு அந்தப் பக்கம், கேழ்வரகு அளவுக்கு, விரலில் நெருடியது. முடிச்சு உள்ளே இருந்தது.

மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். போர்வை அங்கேதான் இருக்கிறது. பிச்சாயி இந்த வாரம் எடை கூடியிருக்கிறாளாம்.

வெளியிலிருந்து தைத்து முடிச்சை உள்ளே தள்ள ஏதாவது வழி இருக்கலாம். தையல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் — தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.