புள்ளியை நம்பாத லாவண்யா

பட்டாபிராமில் உள்ள அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் லாவண்யாவுக்கு ‘மைக்ரோ மேடம்’ என்று பட்டப்பெயர். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் நர்ஸ். வயது முப்பதைத் தாண்டவில்லை. டாக்டர் எந்த மருந்தைச் சொன்னாலும் அதை மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமாக, தசமப் புள்ளி இல்லாத முழு எண்ணாக மாற்றி, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்காமல் ஊசியில் ஏற்ற மாட்டாள். “புள்ளி வச்ச கணக்க நம்பி ஊசி போட எனக்குக் கை வராது சார்” என்பாள். இருபது வருடமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் இராமகிருஷ்ணனுக்கு இது வேண்டாத வேலையாகத்தான் பட்டது. அவளை அவரும் கிண்டல் செய்ததுண்டு.

அன்று காலை பத்து மணி இருக்கும். சரசா என்ற பெண் தன் பத்து மாதக் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

“குளவி கொட்டிடுச்சு சார். மூச்சு உட முடியாம தவிக்குது.”

முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. எடை எட்டு கிலோ. டாக்டர் அவசரமாகச் சொன்னார்:

“அட்ரினலின், தொடையில. பாயிண்ட் எட்டு எம்.எல்.”

லாவண்யா மருந்துக் குப்பியை உடைத்துக்கொண்டே மளமளவென்று சொன்னாள்: “கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராம். எட்டு கிலோவுக்கு எண்பது. இந்தக் குப்பியில ஒரு எம்.எல்.லுக்கு ஆயிரம். ஒரு எம்.எல்.ல நூறு கோடு போட்ட இந்த சிரிஞ்சுல எட்டு கோடு வருது. நீங்க சொன்னா மாதிரி போட்டா எண்பது கோடு சார்.”

டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்: பாயிண்ட் ஜீரோ எட்டைப் பாயிண்ட் எட்டு என்று சொல்லியிருக்கிறார். பத்து மடங்கு. அந்தப் பிஞ்சு இதயம் என்னவாகியிருக்கும்?

“எட்டு கோடு போடு” என்றார்.

அவள் போட்டாள். தாய் கதற, அவரே தடுமாறி நிற்க, இவளால் மட்டும் எப்படி இப்படிக் கணக்குப் போட முடிந்தது? சில நிமிடங்களில் குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிட இனிய சத்தத்தை அவர் கேட்டதில்லை.

சரசா அவர் காலில் விழப் போனாள். “சாமி மாரி வந்து காப்பாத்தினீங்க சார்.”

அவர் பின்வாங்கினார். அந்த நன்றியை அப்படியே ஏற்றிருந்தால் அவர் செய்த தப்பு சரசாவுக்குத் தெரிந்திருக்காது.

“நான் தப்பாச் சொன்னேம்மா. பத்து மடங்கு ஜாஸ்தி. உங்க புள்ளைய என்கிட்டயிருந்து காப்பாத்தினது இவங்கதான்.”

சரசா திகைத்துப்போய்த் திரும்பினாள். லாவண்யா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“புள்ளைய நேராப் புடிங்கக்கா. மூச்சு எண்ணிக்கினு கீறேன்.”